மாசு விதியை மதிக்கிற பேட்டரிப் பட்டறை பிழைக்க முடியுமா? சேதராப்பட்டிலிருந்து ஒரு கேள்வி

தட்டுவார்ப்பு:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் இன்வெர்ட்டருக்கான லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி செய்கிற சின்ன ஆலை நடத்துகிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கிரிட் என்கிற ஈயச் சட்டம் வார்ப்பது, அதில் ஈய ஆக்சைடு பேஸ்ட் பூசுவது, பிளேட் காயவைப்பது, ஃபார்மேஷன் என்கிற முதல் சார்ஜ் எல்லாம் உள்ளேயே நடக்கிறது.

எங்களைப் போன்ற சிறு ஆலைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளோடும் வெளிநாட்டுச் சரக்கோடும் போட்டி போட முடியவில்லை, ஆகவே சிறு ஆலைகளுக்கு மாசு விதிகளைத் தளர்த்துங்கள் என்பது சாரம். மூன்று கோரிக்கைகள். புகைபோக்கியில் ஈயத்துக்கான வரம்பைக் கூட்ட வேண்டும். தொழிலாளர் ரத்தப் பரிசோதனையை வருடத்துக்கு ஒருமுறை என்று குறைக்க வேண்டும். ஆலை ஓட்ட அரசு தருகிற அனுமதியான இயக்க இசைவைப் புதுப்பித்துத் தருவதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். கையெழுத்துக்கு என்னிடம் வந்து பத்து நாள் ஆகிறது. இன்னும் போடவில்லை.

என் நிலைமை இது. போன வருடம் புகையில் வருகிற தூசியைப் பிடிக்கிற பேக் ஃபில்டரின் பைகள் எல்லாவற்றையும் மாற்றினேன். ஆசிட் கழிவுநீரைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலைப்படுத்துகிற தொட்டியைப் புதிதாகக் கட்டினேன். இசைவு புதுப்பிப்புக்கு விண்ணப்பம் போட்டு ஏழு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குள் ஒரு நல்ல ஆர்டர் போய்விட்டது. காகிதம் இல்லாமல் அந்த வாடிக்கையாளர் சரக்கெடுக்க மாட்டார்.

ஆனால் என்னை உண்மையில் நசுக்குவது இது இல்லை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். என் செலவிலும் பெரும்பகுதி அதுதான். அந்த ஈயம் பழைய பேட்டரியிலிருந்துதான் திரும்ப வரவேண்டும். என் டீலர்கள் திரும்ப வாங்குகிற பழைய பேட்டரியை, இசைவு எதுவும் இல்லாத ஒரு உருக்குப் பட்டறைக்காரர் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடக் கொடுத்து அள்ளிக்கொண்டு போகிறார். கோடரியால் பிளக்கிறார், ஆசிட்டை ஓடையில் விடுகிறார், ராத்திரியில் குழியில் போட்டு உருக்குகிறார். ஃபில்டர் இல்லை, பில் இல்லை, வரி இல்லை. நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். நான் எங்கிருந்தோ ஈயப் பாளம் வரவழைத்து, லாரி வாடகையும் கொடுத்து வார்க்கிறேன்.

கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? தொழில் தெரிந்தவர்களும், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் சொல்லுங்கள்.

---

உப்பனாற்றங்கரை:

கடலூர் சிப்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணா.

1980-களில் சிப்காட் வந்தபோது வேலை வரும் என்றார்கள். சிலருக்கு வேலை வந்தது, பொய்யில்லை. ஆனால் உப்பனாற்றில் மீன் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. விதியை இறுக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் 'ஆலை வேறு மாநிலத்துக்குப் போய்விடும்' என்றே பதில் வந்தது. என் அம்மா காலத்திலும் அதே பதில், என் காலத்திலும் அதே பதில்.

தளர்த்தியதால் தொழிலுக்காவது நல்லது நடந்ததா? 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழில் பகுதிகளை மதிப்பிட்டபோது கடலூருக்கு 77.45 புள்ளி. எழுபதைத் தாண்டினாலே கடுமையாக மாசுபட்ட பகுதி. அடுத்த ஜனவரியில் அப்படிப்பட்ட 43 பகுதிகளில் புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். கடலூரும் அதில் ஒன்று. ஒழுங்காக நடத்தியவர், நடத்தாதவர் என்று பார்க்கவில்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் கதவு மூடியது. அன்றைக்கு நல்லபடியாக ஆலை நடத்தி விரிவாக்கத்துக்குக் காத்திருந்தவருக்கு, பக்கத்து ஆலைக்குக் காட்டிய சலுகையால் என்ன லாபம்?

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பெண்கள் ராத்திரியில் வருகிற நாற்றத்தை வைத்தே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அழுகின முட்டை வாடை ஒரு பக்கம், நெயில்பாலிஷ் வாடை ஒரு பக்கம். நாறினால் ஜன்னலையாவது சாத்தலாம். ஈயத்துக்கு வாடையே கிடையாது. பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும், அவ்வளவுதான். அளந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. அளப்பதையே குறைக்கச் சொல்கிற மனுவுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்?

---

தட்டுவார்ப்பு:

நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நாளைக்கு நான் மூடிவிட்டால் என் வாடிக்கையாளர்கள் பேட்டரி வாங்குவதை நிறுத்திவிட மாட்டார்கள். ஊரில் கரண்ட் போகிறதே. அந்தப் பேட்டரி வேறு எங்கேயோ, ஒருவேளை என்னைவிட மோசமான இடத்தில், உருவாகி வரும். அங்கேயும் ஒரு ஊர் இருக்கும்.

---

உப்பனாற்றங்கரை:

இருக்கும். அதனால்தான் உங்களை மூடச் சொல்லவில்லை. வரம்பைத் தொடாதீர்கள் என்கிறேன்.

---

சுண்ணாம்புத்தொட்டி:

கழிவுநீர், புகைச் சுத்திகரிப்புப் பொறியாளர் நான். புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கத்து ஆலைகளுக்கும் போய் வருகிறவன்.

அந்த மனுவில் தவறு எங்கே என்றால், வரம்பையும் நடைமுறையையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். காற்றில் ஈயம் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், 24 மணி நேரத்துக்கு 1 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு அளவு. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இவை உடம்பு தாங்குவதை வைத்து வந்தவை. ஆலை சின்னது என்பதால் பிள்ளையின் மூளை கூடுதலாகத் தாங்காது. ஏழு மாதம் கோப்பு மேசையில் கிடப்பது வேறு. அதனால் காற்றில் ஒரு துகள்கூடக் குறையவில்லை. மூன்றாவது கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். முதல் இரண்டுக்கு மாட்டேன்.

விதியை இறுக்கினால் தொழில் அழியும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் சீனாவின் செஜியாங் மாகாணம். 2011-ல் அங்கே லெட் ஆசிட் பேட்டரி ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் ரத்தத்தில் ஈயம் ஏறியது வெளியே வந்ததும், நாடு முழுக்க 1,900-க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்துப் பெரும்பாலானவற்றை மூடவோ நிறுத்தவோ வைத்தார்கள். அதே மாகாணத்தில் சாங்ஷிங் என்ற ஒரு வட்டம் இருக்கிறது. அங்கே மட்டும் நூற்றுக்கு மேல் இருந்த ஆலைகள் படிப்படியாக இருபதுக்கும் கீழே வந்தன. தொழில் செத்ததா? இன்று எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியில் கொடிகட்டிப் பறக்கும் தியான்னெங், சாவ்வெய் இரண்டும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவைதான். மலிவாக, அசுத்தமாகச் செய்து விலையை உடைத்தவர்கள் போனபிறகு, ஃபில்டர் போட்டவர்களுக்குச் சந்தை கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மூடப்பட்டவற்றில் தட்டுவார்ப்பு அண்ணனைப் போன்ற சின்ன ஆலைகளும் ஏராளம். தனியாக ஃபில்டரும் ஆய்வகமும் வைக்க முடியாதவர்கள். அங்கே நடந்ததை அப்படியே இங்கே செய்யச் சொன்னால் பெரிய கம்பெனிகள் மட்டும் மிஞ்சும். அதனால் சிறு ஆலைகளுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம், பொதுவாக ஒரு சோதனைக்கூடம், ஃபில்டருக்குக் குறைந்த வட்டிக் கடன் என்று கேட்டு எழுதுங்கள். அரசு தூக்க வேண்டியது அந்தச் சுமையை.

---

இரவுஷிப்ட்:

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பதினோரு வருடம் ஒரு பேட்டரி ஆலையில் பேஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். எந்த ஆலை என்பது வேண்டாம். ஈய ஆக்சைடு மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்குப் போகாது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார்கள். 'வெல்லம் தின்றால் ஈயம் இறங்கிவிடும்' என்று சூப்பர்வைசர் சொல்வார். நாங்களும் நம்பினோம். கழுவாத கையால் அதை வாங்கித் தின்றோம். அதாவது ஈயத்தோடு சேர்த்துத் தின்றோம்.

பத்தாவது வருடம் கை மணிக்கட்டு பலம் குறைந்தது. டம்ளரைத் தூக்கினால் நழுவும். வயிற்றுவலி அப்பப்போ வரும், புண் என்று நினைத்தேன். வெளியே ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 58 மைக்ரோகிராம். அவர் அடுத்ததாகக் கேட்டது என் வேலையைப் பற்றி இல்லை. 'யூனிஃபார்மை எங்கே துவைக்கிறீர்கள்?' என்றார். வீட்டில்தான். பிள்ளைகள் துணியோடு ஒரே வாளியில். பெரியவளுக்குப் பார்த்தோம், அவளுக்கு 11. பிள்ளைகளுக்கு ஐந்தைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டுமாம். அப்போது அவளுக்கு வயது நாலு.

வேலையை விட்டுவிட்டேன். தட்டுவார்ப்பு சார், ரத்தப் பரிசோதனையை வருடத்துக்கு ஒன்று ஆக்குவதில் உங்களுக்கு மிச்சமாகிற காசு எவ்வளவு? வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால், ஏறியது ஏறியபிறகுதான் தெரியும். எங்கள் ஆலையில் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். குளித்து, உடை மாற்றி, ஆலையிலேயே துணி துவைக்க ஒரு மெஷின் வைத்திருந்தால் என் மகளுக்கு வந்திருக்காது.

---

தட்டுவார்ப்பு:

தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் படித்தேன். என் ஆலையில் குளியலறை இருக்கிறது. துணி துவைக்கிற மெஷின் இல்லை. யூனிஃபார்மை வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். இத்தனை வருடமும் இதை நான் யோசித்ததே இல்லை. இந்த வாரமே மெஷின் வாங்குகிறேன்.

உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

---

இரவுஷிப்ட்:

அளவு இறங்கிவிட்டது. ஏழாவது படிக்கிறாள். கணக்குதான் கொஞ்சம் திணறல். ஈயத்தால்தானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை.

---

ஏற்றுமதிமேசை:

லித்தியம் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். லித்தியம் செல்களை அடுக்கி பேட்டரி பேக் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தில் வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, வேண்டும். 2031 ஆகஸ்டிலிருந்து மறுசுழற்சி செய்த கோபால்ட் 16 சதவீதம், லித்தியம் 6, நிக்கல் 6, ஈயம் 85 சதவீதமாவது உள்ளே இருக்க வேண்டும். பேட்டரி செய்ய எவ்வளவு கார்பன் வெளியேறியது என்ற கணக்கையும் காட்ட வேண்டும். ஆகவே 'விதி இல்லாத ஊரில் செய்தால் மலிவு' என்ற கணக்கு அந்தச் சந்தைக்கு ஓடாது.

செல் தயாரிப்பில் மின்சாரம் கொள்ளை போகும். எலெக்ட்ரோடு பூச்சைக் காயவைக்கிற அடுப்பு, ஈரப்பதம் துளியும் இல்லாமல் வைத்திருக்கிற உலர் அறை, இரண்டும் ராத்திரி பகல் ஓட வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் கார்பன் கணக்கு ஏறும், காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் கலந்தால் இறங்கும். கடலூர் மாவட்டத்தில் செல் ஆலை வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

விதியும் லாபமும் ஒரே பக்கம் நிற்கிற இடமும் உண்டு. கேத்தோடு பூச்சில் என்எம்பி என்ற கரைப்பான் போடுவார்கள். கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக் கூடியது, ஐரோப்பாவில் 2020 மே முதல் கட்டுப்பாடு. அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடித்தால் பெரும்பகுதியைத் திரும்ப எடுக்கலாம். கரைப்பான் விலை அதிகம் என்பதால் யாரும் சொல்லாமலே நல்ல ஆலைகள் பிடித்துவைக்கின்றன. ஈயத்தில் அப்படி இல்லை. தூசியில் போவது கிலோ கணக்கில் சொற்பம், அதனால் பிடிப்பதில் காசு மிச்சமில்லை. விதி இல்லாவிட்டால் பிடிக்க மாட்டார்கள்.

---

முதுநகர்வாசி:

ஐரோப்பாவை உதாரணம் காட்டாதீர்கள். அவ்வளவு விதி போட்டு என்ன ஆனது? ஸ்வீடனின் நார்த்வோல்ட் 2025 மார்ச்சில் திவால். இங்கே பிள்ளைகள் வேலையில்லாமல் சென்னைக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் வெளியூர். வேலை தருகிற தொழிலுக்குத் தடை போட்டே பழகிவிட்டோம்.

---

ஏற்றுமதிமேசை:

வேலை பற்றிச் சொன்னது வலிக்கிற உண்மை ஐயா. ஆனால் நார்த்வோல்ட் விழுந்தது விதியால் இல்லை. சொன்ன அளவுக்கு, சொன்ன தரத்தில், செல் செய்ய முடியவில்லை. 2024-ல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது அதனால்தான். கடன் கழுத்தை நெரித்தது. நம் ஊரிலும் 2021-ல் 50 கிகாவாட் மணி அளவு செல் தயாரிப்புக்கு மத்திய அரசு 18,100 கோடி ஊக்கத்தொகை அறிவித்தது. ஆலைகள் தாமதமாவதற்கு மெஷினும் தொழில்நுட்பமும் ஆளும் வெளியிலிருந்து வரவேண்டியிருப்பதுதான் பெரிய காரணம். ஃபில்டர் செலவு காரணம் இல்லை.

பாதுகாப்பில் இளகினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2024 ஜூன் 24, தென்கொரியா ஹ்வாசொங். லித்தியம் பேட்டரி ஆலையில் தீ, 23 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். வெளியூரில் வேலை பார்க்கிற உங்கள் பையன்களையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

---

முதுநகர்வாசி:

சரி. வேலையும் வேண்டும், உயிரோடு வீட்டுக்கு வரவும் வேண்டும். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

---

பாகூர்ஏரி:

மனுவில் யாருமே சொல்லாத ஒன்று: வெள்ளம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி பாகூர்ப் பக்கமும் கடலூரும் மூழ்கின. எங்கள் தெரு முனையில் ஒரு பழைய இரும்புக் கடை. வெட்டவெளியில் பழைய பேட்டரி அடுக்கியிருப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் பேட்டரிப் பெட்டிகள் மிதந்து வந்து கோயில் மதிலில் மோதி நின்றதைப் பார்த்தேன். தண்ணீர் வடிந்தபிறகு அந்த இடத்தில் புல் கருகிக் கிடந்தது. அதே தண்ணீர்தான் வயலுக்குள்ளும் போனது.

தானே புயல் வந்தது 2011, பெருமழை 2015, ஃபெஞ்சல் 2024. இது திரும்பத் திரும்ப வருகிற விஷயம். பழைய பேட்டரி வைக்கிற இடத்துக்குக் கூரை, உயர்த்திய தளம், ஆசிட் வெளியே போகாத விளிம்பு, இவை இல்லாமல் இசைவு தரக்கூடாது என்று உங்கள் மனுவிலேயே நீங்கள் கேளுங்கள். ஆலைக்காரர்கள் கேட்டால் அதற்கு மதிப்பு வேறு.

---

சுண்ணாம்புத்தொட்டி:

பாகூர் சார் சொன்ன இரும்புக் கடையில்தான் முடிச்சு இருக்கிறது.

2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பேட்டரி செய்பவரே பழையதைத் திரும்பச் சேகரித்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அனுப்பிச் சான்றிதழ் காட்ட வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் சான்றிதழைப் பார்ப்பது எளிது, சரக்கைப் பார்ப்பது கஷ்டம். பிளாஸ்டிக்கில் இதே முறையில் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ் வந்ததை 2023-ல் மத்திய வாரியமே கண்டுபிடித்தது. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கிறது என்று மதிப்பிட்டது. மசாலா, பெயின்ட், பாத்திரம் என்று காரணங்கள் பல. முறையில்லாமல் பழைய பேட்டரியை உருக்குவது அதில் முக்கியமான ஒன்று.

நடைமுறையில் எப்படி ஒழுகுகிறது தெரியுமா? இரும்புக்கடைக்காரர் ஆசிட் வடித்த எடைக்குத்தான் காசு தருவார். அதனால் பேட்டரிக் கடைப் பையன் வாசலிலேயே மூடியைத் திருகி, பேட்டரியைச் சாக்கடை மேல் கவிழ்த்துவிட்டு நிற்பான். சொட்டுகிற ஆசிட்டோடு கரைந்த ஈயமும் போகும். இதை ஒரே மாற்றத்தால் நிறுத்தலாம். ஆசிட்டோடு சேர்த்து எடை போட்டு அதற்கு விலை வைத்தால், கவிழ்ப்பதில் அவனுக்கு லாபம் இல்லை.

---

தட்டுவார்ப்பு:

சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. என் டீலர்களும் வடித்துத்தான் அனுப்புகிறார்கள். நானும் வடித்த எடைக்குத்தான் தருகிறேன். வாங்குகிறவன் அப்படிக் கேட்டதால் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அந்த வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதத்திலிருந்து ஆசிட்டோடு எடை. விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

2025 செப்டம்பரில் லெட் ஆசிட் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு. பில் இல்லாமல் விற்பவனுக்கும் எனக்கும் இருந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்தது. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைப் பழைய பேட்டரி விலையில் போட்டால் டீலர் என் பக்கம் திரும்புவார் என்று தோன்றுகிறது. புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி சிறு ஆலைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு லாரியும் கூரை போட்ட ஒரு கிடங்கும் பொதுவாக வைக்கலாம். பாகூர் சார் சொன்னபடி உயரமான தளத்தோடு.

மனுவுக்கு என் பதிலை இன்று எழுதிக்கொடுத்துவிட்டேன். வரம்பைக் கூட்டுகிற கோரிக்கையும் ரத்தப் பரிசோதனைக் கோரிக்கையும் இருந்தால் என் கையெழுத்து இல்லை. அவற்றை எடுத்துவிட்டு, இசைவுக்கு நாள் கெடு, பொதுச் சோதனைக்கூடம், ஃபில்டருக்குக் கடன், இசைவில்லாத உருக்குப் பட்டறைகள் மேல் நடவடிக்கை, இந்த நான்கையும் சேர்த்தால் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

---

உப்பனாற்றங்கரை:

அண்ணா, உங்கள் புகைபோக்கி அளவை ஆறு மாதத்துக்கு ஒருதரம் வாசலில் பலகையில் எழுதிப் போடுவீர்களா? தமிழில், எங்களுக்குப் புரிகிற மாதிரி. அதையும் மனுவில் சேருங்கள். மறைக்காத ஆலையை நாங்கள் ஏன் எதிர்க்கப் போகிறோம்.

---

தட்டுவார்ப்பு:

போடுகிறேன். கடைசியாக எடுத்த அறிக்கை கையில் இருக்கிறது, அதையே முதலில் எழுதிவைக்கிறேன். ஒரு இடத்தில் எண் வரம்புக்குக் கொஞ்சம்தான் கீழே. அதையும் அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நேரில் வந்து பாருங்கள் அம்மா. இரவுஷிப்ட் தம்பியும் வந்தால் நல்லது, பேஸ்டிங் பிரிவில் நான் பார்க்கத் தவறியதை அவர் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு பேஸ்டிங் ஓடாது, ஃபார்மேஷன் மட்டும் ஓடும், ஆசிட் வாடை கொஞ்சம் இருக்கும். மூடின செருப்பு போட்டு வாருங்கள். பிள்ளைகளை மட்டும் அழைத்து வர வேண்டாம்.

---

இரவுஷிப்ட்:

வருகிறேன் சார். பத்து மணிக்கு சேதராப்பட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன்.